எத்தனை நாள் நின்னுச்சு?

"அத்தான், 1 லட்சத்து 85 ஆயிரம்தான் கேக்குறாங்க. டீசல் வண்டி. 2017 மாடல். 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு." வாட்ஸ்அப்பில் மச்சினன் அனுப்பிய இந்தக் குரலைக் கேட்டபோது நான் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய அண்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். 2024 மாசி, நல்ல முகூர்த்தக் காலம். எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

எனக்கு வைத்தீஸ்வரன்கோயில் பக்கம் சின்னதாக ஒரு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, நாற்காலி, ஜமக்காளம் எல்லாம் உண்டு. கூடவே 3 மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலம். கடைக்கு உண்மையில் வேண்டியது ஒரு லோடு வண்டி. ஒவ்வொரு விசேஷத்துக்கும் சாமானை ஏற்றி இறக்க வாடகை வண்டிக்குக் கொடுத்தே லாபத்தில் பாதி போய்விடும். ஆனால் மனசு கேட்டது கார். அம்மாவை மாதம் ஒருமுறை தஞ்சாவூருக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், மயிலாடுதுறையில் பஸ் மாறி, கும்பகோணத்தில் மாறி, அவரால் முடியவில்லை என்பது நான் வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம், பங்காளி வீட்டு வாசலில் கார் நின்று இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

கையில் இருந்தது மூன்று லட்சம். அதே மாதிரி வண்டி, நனையாதது, அப்போது நாலரைக்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. அப்புறம் எப்படி இது 1,85,000? கேட்டதற்கு அடுத்த குரல் பதிவு வந்தது. "ஒண்ணும் இல்ல அத்தான். மிக்ஜாம் புயல்ல கொஞ்சம் தண்ணி பட்டிருக்கு. அவ்வளவுதான்."

தண்ணி பட்டிருக்கு. இந்த ஊரில் இப்படி யாரும் பேச மாட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் ஏறும், நிற்கும், வடியும். மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஆற்றுப் பாசனத்தின் கடைசி முனையில் இருக்கிற கடைமடைக்காரன் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி எவ்வளவு உயரம் ஏறியது என்பதாக இருக்காது. எத்தனை நாள் நின்னுச்சு என்றுதான் கேட்பான். மச்சினன் சென்னைக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

இந்தக் கேள்வி எங்கள் நாக்கில் எப்படி ஏறியது என்றால் பயிரால்தான். 2022 நவம்பர் 11ஆம் தேதி சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் வயல், வரப்பு, வாய்க்கால் எதுவும் தனியாகத் தெரியவில்லை. மேட்டூரில் திறந்தோ கொள்ளிடத்தில் உடைப்பெடுத்தோ வந்த தண்ணீர் இல்லை அது, அப்படியே மேலேயிருந்து விழுந்தது. இங்கே விழும் தண்ணீர் சீக்கிரம் போகாது. நிலம் தட்டையாக இருக்கும், உப்பனாறு மாதிரி ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் கடல் பொங்கி எதிர்த்துத் தள்ளினால் வடிகால் திகைத்து நின்றுவிடும். என் 3 மாவில் ஆறு நாள் நின்றது. பக்கத்து வயலில் சிஆர் 1009 சப்-1, அது இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் தாங்குகிற மாதிரி உருவாக்கிய நெல் ரகம். நான் போட்டிருந்தது அது இல்லை.

தண்ணீருக்குள் கிடக்கிறவரை பயிர் பச்சையாகத்தான் தெரியும். "பொழச்சுக்கும்" என்றுகூடத் தோன்றும். தண்ணீர் வடிந்து, வெயில் அடித்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் தோகை சுருண்டு பழுக்க ஆரம்பிக்கும். யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்து வீசச் சொல்வார்கள், அதையும் உடனே வீச வேண்டும். ஒரு வாரம் கழித்து வீசினால் உரக்கடைக்காரருக்குத்தான் பிரயோஜனம். நான் இரண்டு நாள் தாமதித்தேன். அந்தப் போகத்தில் என் களத்துக்கு வந்ததைச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அதே வெள்ளத்தில் என் பைக்கும் முழுகியது. அதிலும் நான் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளவில்லை. தண்ணீர் வடிந்ததும் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தி, துடைத்து, கிக்கரை மிதித்தேன். பாறையை மிதித்த மாதிரி இருந்தது, அசையவே இல்லை. சரி என்று செல்ஃபைத் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்த 'டக்' 9,000 ரூபாய். கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. மயிலாடுதுறையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "காத்தை அமுக்கலாம் தம்பி. தண்ணியை எவனாலயும் அமுக்க முடியாது. பிளக்கைக் கழட்டிட்டு மிதிச்சிருந்தா பீச்சிட்டு வெளிய போயிருக்கும்." வளைந்த ராடு இன்னும் என் கடை மேஜையில் ரசீதுகள் பறக்காமல் இருக்கக் கனமாகக் கிடக்கிறது.

டீசல் வண்டியில் இது இன்னும் மோசம். மச்சினன் சொன்ன காரில் இருந்தது 1248 சிசி, நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. காற்றை 17 மடங்குக்கு மேல் அமுக்குகிற இன்ஜின் என்பதால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் 20 மில்லிகூட இருக்காது. இருமல் மருந்துப் பாட்டிலின் மூடியில் இரண்டு மூடி. அவ்வளவு தண்ணீர் உள்ளே நின்று, யாராவது ஒருத்தர் சாவியைத் திருகினால் போதும். முழுகின வண்டியைச் சாவி திருகிப் பார்க்காமல் விட்டுவைக்கிற மனுஷன் ரொம்ப அபூர்வம். நானே திருகினவன்தானே.

இதெல்லாம் தெரிந்தும் அந்தக் காரை என்னால் மறக்க முடியவில்லை. வெள்ளை நிறம். படத்தில் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. பாய் மாதம் ஒருமுறை உதிரி பாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவார், கூட வாங்க, ஒருதடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று இழுத்தேன். இரண்டு பேரும் ராத்திரி மயிலாடுதுறையில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் அந்தக் காரில் அம்மாவை உட்கார வைத்துத் தஞ்சாவூருக்கு ஓட்டிக்கொண்டே போனேன். பாய் மேல் பெர்த்தில் குறட்டை விட்டார்.

சென்னைக்கு வெளியே ஒரு காலி மனையில் இருபது முப்பது வண்டிகள் நின்றன. தரகர் நல்ல மாதிரியாகப் பேசினார், டீ வாங்கிக்கொடுத்தார். நாங்கள் போனபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசனை ஆளைத் தூக்கியது. ஏழு வருஷ வண்டியில் தரைக் கார்ப்பெட் மட்டும் நேற்று வாங்கிய மாதிரி புசுபுசுவென்று இருந்தது. "டயர் அளவுதான் சார் தண்ணி. பள்ளிக்கரணைப் பக்கம் அபார்ட்மெண்ட்ல நின்ன வண்டி" என்றார்.

பானெட்டைத் திறப்பார் என்று நான் நின்றேன். பாய் பானெட் பக்கமே போகவில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் போடும்போது இழுக்கிற அளவு இல்லை, இதற்கு மேல் வராது என்று நிற்கும்வரை கையால் மெதுவாக, கிணற்றிலிருந்து கயிறு இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தார். முதலில் வந்தது சுத்தமாக இருந்தது, யாரோ சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். கடைசி ஒரு முழம் வந்தபோது டீக்கறை நிறத்தில் குறுக்கே ஒரு கோடு. அதற்கு உள்பக்கம் நெசவு முழுக்கக் கருப்பாக ஏதோ ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டி என்னிடம் நீட்டினார். நான் மோந்து பார்த்தேன். நம் ஊர் வண்டல் காய்ந்தால் பழுப்பாக, மாவு மாதிரி உதிரும், மண் வாசனைதான் வரும். இது சாக்கடை.

பெல்ட் சுருள் இருப்பது கதவுத் தூணின் அடியில், சீட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே. அங்கே கோடு விழுந்திருந்தால் தண்ணீர் டயர் அளவோடு நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த உயரத்துக்கு வந்திருந்தால் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே, கியர் கம்பிக்குக் கீழே, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிற ஏர்பேக் பெட்டியும், மோதும்போது ஏர்பேக்கை விரியச் செய்கிற பெட்டி அது, முழுகியிருக்கும். பாய் இதைத் தரகரிடம் சொல்லவில்லை. தலையைக் குனிந்து ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டு வயர்களை இணைக்கிற ஒரு கப்ளரைக் கழற்றி வெளியே எடுத்தார். பின்கள் பச்சையாக இருந்தன.

எனக்கு அந்தப் பச்சையை யாரும் சொல்லித்தர வேண்டாம். களிம்பு. பித்தளை அண்டாவும் செம்புத் தவலையும் வாடகைக்கு விடுகிறவன் நான், வருஷம் முழுக்க அதனோடுதான் மல்லுக்கட்டு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் அண்டாவில் போய்விடும். வயருக்குள் எதைப் போட்டுத் தேய்ப்பது? திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, வயருக்குள் இருக்கும் செம்பு நூல்கள் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டு போகும், மேலே பிளாஸ்டிக் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியைக் கழற்றாமல் விட்டிருந்தால் கரண்ட் ஓடுகிற கம்பிகளில் களிம்பு பல மடங்கு வேகமாகப் பிடிக்கும் என்று பாய் பிறகு சொன்னார். அது இன்றைக்குத் தொல்லை தராது. ஆறு மாசம் கழித்து ஒரு மழை ராத்திரியில் வைப்பர் நிற்கும். அப்புறம் ஒருநாள் பவர் ஸ்டீயரிங் இறுகும். எந்த வயர் என்று தேடவே எலக்ட்ரீஷியன் நாள் கணக்கில் கூலி கேட்பார்.

"இன்ஜின் நல்லா ஓடுதே பாய்" என்றேன், கடைசி ஆசையாக.

"ஓடும் தம்பி. அதை ஓட வச்சுக் காட்டித்தானே விக்கணும்?"

நான் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தண்ணீர் எத்தனை நாள் நின்றது, வடிந்த பிறகு எத்தனை நாள் கழித்துக் கதவைத் திறந்தார்கள்? நின்றது மூன்று நாள் என்றார். இரண்டாவதற்கு முதலில் பதில் வரவில்லை. அப்புறம், "இன்சூரன்ஸ்காரங்க வந்து பாத்து, பேப்பர் முடிஞ்சு, ஏலம் விட்டு... ஒரு ஒண்ணரை மாசம் ஆயிருக்கும் சார்" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்தது அந்த இடத்தில்தான். புயல் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில். சர்வேயர் வந்து பார்க்கிறவரை வண்டியை யாரும் தொடக்கூடாது. அவர் பார்த்து, ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் போட்டு, முழு இழப்பு என்று முடிவாகி, பழைய ஓனருக்குப் பணம் கொடுத்து, வண்டியை ஏலத்தில் விடுகிறவரை ஈரக் கார்ப்பெட்டும் ஈர பஞ்சுமாக, கண்ணாடி ஏற்றி, பூட்டியபடி வெயிலில் வேகும். இரும்பு தண்ணீருக்குள் முழுசாகக் கிடக்கும்போது அவ்வளவு துருப்பிடிப்பதில்லை, அங்கே காற்று குறைவு. ஈரமும் காற்றும் சேரும்போதுதான் துரு பிடித்துத் தின்கிறது. என் பயிர் மாதிரியேதான், முழுகினபோது போகாதது வடிந்த பிறகு போகிறது. அப்படியானால் ஏலத்தில் வருகிற வண்டி என்பது, கெடுவதற்கு வேண்டிய அவகாசத்தை முழுசாகக் கொடுத்து, ஊறவைத்து எடுத்த வண்டி. மூன்றாம் நாளே கார்ப்பெட்டைப் பிய்த்து வெயிலில் போட்ட வண்டி ஏலத்துக்கு வருவது அபூர்வம், அதன் ஓனர் அதை ஓட்டிக்கொண்டிருப்பார்.

விலைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை ஏமாற்றப் பார்த்தது அதுதான். பழைய பாலிசியைத் தரகரே போனில் காட்டினார். ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ் கணக்கில் வண்டியின் மதிப்பு, 4,20,000 ரூபாய். சரிசெய்கிற செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் முழு இழப்பு என்பார்கள். ஆக ஒரு ஒர்க்‌ஷாப் உட்கார்ந்து கணக்குப் போட்டு, இதைச் சரிசெய்ய 3,15,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. 1,85,000 கொடுத்து வாங்கி, அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் ஐந்து லட்சம். நனையாத வண்டியே அதைவிடக் குறைவு.

"அது கம்பெனிக் கணக்கு சார், வெளிய 80,000ல முடிச்சிரலாம்" என்றார் தரகர். முடிக்கலாம்தான், பொய்யில்லை. ஆனால் மூன்று லட்சத்துக்கும் எண்பதாயிரத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் கூலி வித்தியாசம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பகுதி, மாற்றாமல் விடுகிற சாமான்களின் விலை. ஏர்பேக் பெட்டி, வயரிங் செட்டு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ், பெல்ட். அதாவது வண்டியை ஓட்டிக் காட்ட மாற்றத் தேவையில்லாத, ஆனால் ஆள் பிழைப்பதற்குத் தேவையான சாமான்கள். அதில் அம்மாவை உட்கார வைக்கவா?

பேப்பரும் சரியில்லை. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சி இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருந்தது, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வெறுமனே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்கள். இனி ஓடவே முடியாது என்று அழிந்துபோன வண்டியாக இருந்தால் 14 நாளில் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55ஆவது பிரிவில் இருக்கிறது. இது அந்தக் கணக்கில் வராது, சரிசெய்யலாம் என்பதால் ஆர்சி உயிரோடுதான் இருக்கும். அந்த ஆர்சியில் இது முழுகின வண்டி என்று ஒரு வரி இருக்காது. நாளைக்கு நான் விற்றால் வாங்குகிறவனுக்கும் தெரியாது. இதை நினைத்தபோது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அப்படி விற்றுவிடலாமே என்றும் தோன்றியது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதுப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். மச்சினனுக்கு முகம் வாடிவிட்டது. அவனுக்கு இதில் கமிஷன் எதுவும் கிடையாது என்றுதான் நான் இன்றும் நம்புகிறேன். நாலு மாசம் கழித்து அதே வண்டியின் விளம்பரத்தை அவனே எனக்கு அனுப்பினான், அதே நம்பர், அதே வெள்ளை. "சிங்கிள் ஓனர், ஷோரூம் கண்டிஷன், 3,60,000." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து பெல்ட் மட்டும் மற்றதைவிடக் கருப்பாக, புதுசாகத் தெரிந்தது. எங்களால் கற்றுக்கொண்டார்கள் போல. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் கேட்டால் பெல்ட்டைப் பார்க்கச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைப் பிடித்திருக்கிற போல்ட்டைப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள், ஹெட்லைட்டுக்கு உள்பக்கம் தூசிக்கோடு இருக்கிறதா பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி அடிப்பஞ்சைப் பிழிந்து பாருங்கள் என்று சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒருத்தனால் மாற்ற முடியாது, மாற்றினால் அவனுக்குக் கட்டுப்படியாகாது.

இங்கே முடித்திருந்தால் முழுகின வண்டியை வாங்காதே என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நான் முழுகின வண்டி ஒன்றை வாங்கினேன். அது இப்போது கடை வாசலில் நிற்கிறது.

ஆனியில் பக்கத்து ஊருக்கு ஒரு காதுகுத்துக்குச் சாமான் இறக்கப் போனேன். வாடகை வண்டிக்காரர் வரவில்லை. அந்த ஊரில் எனக்குச் சித்தப்பா முறையில் ஒருத்தர், தன் குட்டி யானையைக் கொடுத்தார். 2011 மாடல் டாடா ஏஸ், 702 சிசி, இரண்டே சிலிண்டர். அதை ஓட்டிக்கொண்டு வந்து சாமான் இறக்கிவிட்டுச் சாவியைக் கொடுக்கும்போது, "இதைக் குடுத்துரலாம்னு இருக்கேன்பா. மவன் சிங்கப்பூர் போயிட்டான், எனக்கு முட்டி மடக்க முடியல. ஆனா ஒண்ணு, இது 22 வெள்ளத்துல முங்குன வண்டி. உன்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார்.

எத்தனை நாள் நின்னுச்சு என்றேன். பதிலாக ஒரு முழுக் கதையே வந்தது.

சீட் வரை தண்ணீர் ஏறியது, இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் வடிந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு இறங்கி பேட்டரியைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டார். வடிந்த அன்றைக்கே ஊர் டிராக்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஹீட்டர் பிளக் இரண்டையும் கழற்றி, கியரில் போட்டு நாலு பேர் தள்ளினார்கள். தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீச்சியதாம். டீசல் டேங்கை இறக்கிக் கொட்டிவிட்டார்கள். இன்ஜின் ஆயிலை மாற்றி, பத்து நிமிஷம் ஓடவிட்டு, மறுபடியும் மாற்றினார்கள். சீட்டு, கால்மிதி எல்லாவற்றையும் பிய்த்து நெல் காயப்போடுகிற களத்தில் போட்டார். "எப்படிச் சித்தப்பா உங்களுக்கு இதெல்லாம் தெரியும்?" என்றேன். "இதுல தெரிய என்ன இருக்கு? வாய்க்கா எஞ்சின் முங்குனா என்ன பண்ணுவோம், அதைத்தானே பண்ணுனேன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. உரம், வைக்கோல், ஒரு தடவை சாமி ஊர்வலத்துக்கு ஜெனரேட்டர். 2023 ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதன் தலையில் பெய்திருக்கிறது. நனைந்து மூன்று மாசத்துக்குள் விற்கிற வண்டியிடம் இந்தச் சாட்சி கிடையாது, அவசரமாக விற்பதே அதற்குத்தானோ என்று எனக்குச் சந்தேகம்.

பாயைக் கூட்டிப்போனேன். அவர் கேட்டது எங்கள் கேள்விக்குப் பக்கத்துக் கேள்வி. "உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" மழைத் தண்ணீர்தான் என்றதும் முகம் தெளிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து வந்த வண்டிகளில் வேலை பார்த்தவர் அவர். அதில் ஒன்றையாவது உருப்படியாகத் திருப்பிக் கொடுத்தேனா என்று தனக்கே தெரியாது, வெளியே பெயிண்ட் அடிக்க அடிக்க உள்ளேயிருந்து உப்பு பூத்துக்கொண்டே வந்தது என்பார். கடலோரம் நனைந்த வண்டியை ஓசியில் கொடுத்தாலும் அவர் தொடுவதில்லை.

இன்னொன்று, அந்தப் பழைய மாடலில் டீசல் பம்ப் வெறும் மெக்கானிக்கல். ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, ஸ்டீயரிங்குக்கு மோட்டார் கிடையாது. "நனைஞ்சு கெட்டுப்போக இதுக்கு மூளையே இல்லையே" என்றார் பாய். பாதுகாப்பு என்று பார்த்தால் இது பெருமைப்படுகிற விஷயமில்லைதான், ஆனால் அண்டா ஏற்றிக்கொண்டு நாற்பதில் போகிற வண்டிக்கு நான் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

1,10,000 கேட்டார். 95,000க்கு முடிந்தது. அந்தப் பேச்சை எழுதினால் தனிக் கட்டுரையாகும், நடுவில் சித்தி வந்து எனக்கு மோர் கொடுத்து என் விலையை ஐயாயிரம் ஏற்றிவிட்டார்.

எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லவில்லை. சித்தப்பா இன்ஜினைப் பார்த்தார், கியர்பாக்ஸைப் பார்த்தார், பின்னால் கிரவுனை, பின்சக்கர அச்சின் நடுவில் இருக்கிற பல்சக்கரப் பெட்டியை, மறந்துவிட்டார். பாய் அடியில் படுத்து பிளக்கைத் திருகியதும் அதிலிருந்து வந்தது ஆயில் மாதிரியே இல்லை. கும்பகோணம் டிகிரி காபிதான், நுரை மட்டும்தான் இல்லை. ஓடிச் சூடான கிரவுன் குளிர்ந்த தண்ணீரில் முழுகினால் காற்று வாங்குகிற ஓட்டை வழியாக ஒரு மடக்கு உறிஞ்சிக்கொள்ளும், அந்தத் தண்ணீர் ஒன்றரை வருஷமாக ஆயிலோடு கடைந்துகொண்டு இருந்திருக்கிறது. பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. 11,500 ரூபாய். அதைச் செய்யாமல் ஓட்டியிருந்தால் என்றைக்காவது முழு லோடோடு நடுரோட்டில் பின்சக்கரம் இறுகி நின்றிருக்கும்.

டிரைவர் காலுக்கு அடியில் கால்மிதியைத் தூக்கினால் ரோடு தெரிந்தது, டிங்கரிங்கில் தகடு வைத்து ஒட்டினோம். பிரேக் சிலிண்டர்களை மாற்றினோம். செல்ஃப் மோட்டார் பிரஷ், டைனமோ பேரிங், ஹப் கிரீஸ், முன்பக்க வயரிங். பின்னால் தொட்டிக்குப் புதுத் தகடு. தகுதிச் சான்றான எஃப்சிக்கு முதல் தடவை போனபோது ஹெட்லைட் வெளிச்சம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள், இரண்டாம் தடவை கிடைத்தது. எல்லாம் சேர்த்து 52,000, கொஞ்சம் முன்னே பின்னே. ஆக 1,47,000. இந்தச் செலவில் பாதியை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆனால் எதிர்பாராத செலவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வந்தது, கழற்றினால் தெரிந்தது, மாற்றினால் தீர்ந்தது. ஓட்டத் தொடங்கி ஒரு வருஷத்தில் வாடகை வண்டிக்குக் கொடுக்காமல் மிச்சமானது இந்தத் தொகையை எட்டிப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன், மனைவி கணக்கில் இன்னும் எட்டவில்லை. 15 வயது தாண்டினால் எஃப்சி கட்டணம் ஏறும், அதையும் அவள் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறாள்.

அம்மா தஞ்சாவூருக்கு இப்போதும் பஸ்ஸில்தான் போகிறார். ஒரே ஒரு தடவை குட்டி யானையின் முன் சீட்டில் உட்கார்ந்து மயிலாடுதுறை வரை வந்தார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதுக்கு மாட்டுவண்டி தேவல" என்றார். பங்காளி வீட்டுக் கார் அப்படியே நிற்கிறது, நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்தால் ராத்திரி வண்டியைக் கடை வாசலில் விடுவதில்லை. தெருக்கோடியில் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் மேடு இருக்கிறது, 2022இல் தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றுதான், இருட்டுவதற்கு முன்பே கொண்டுபோய் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் டிராக்டர்காரர்கள் இடம் பிடித்துவிடுவார்கள். பேட்டரி கழற்ற ஒரு 10ஆம் நம்பர் ஸ்பேனரைச் சணல் கயிற்றில் கட்டி ஸ்டீயரிங் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது டேஷ்போர்டில் டக்டக்கென்று அடித்துக்கொண்டே வரும். கழற்றி டப்பாவில் போடுங்கள் என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.